வடசென்னைப் படங்களுக்கு எடிட்டிங் சாஃப்ட்வேர்: எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்?

காசிமேட்டில் விடியலுக்கு முன் எடுத்த ஒரே ஒரு படம் போதும், ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேர் தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். ஏலம் நடக்கும் இடத்தில் மஞ்சள் விளக்கு. விசைப்படகில் வெள்ளை எல்இடி. பின்னால் மெல்ல நீலம் ஏறும் வானம். கூடையில் கிடக்கும் வஞ்சிரத்தின் மேல் இந்த மூன்று வெளிச்சமும் ஒன்றாக விழும். இதோடு எண்ணூர் கழிமுகத்தின் புகைமூட்டத்தையும், வியாசர்பாடி கேரம் கிளப்பில் போர்டுக்கு மேல் தொங்கும் ஒற்றைப் பல்பையும் சேர்த்துக்கொண்டால், இந்தப் பக்கம் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் அடங்கிவிடும். இந்த மூன்றையும் வைத்துத்தான் இங்கே கணக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ரா ஃபைலை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) டெவலப் செய்ய, அதாவது பார்க்கத் தகுந்த படமாக்க, ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். கையில் காசு இருந்தால் நாய்ஸ் (இருட்டில் எடுத்த படத்தில் வரும் புள்ளிகள்) குறைக்கும் ஒரு பிளகினுக்குக் (துணை சாஃப்ட்வேர்) கொடுங்கள், அதுவும் இரவில் நிறைய எடுப்பவராக இருந்தால் மட்டும்.

முதலிடம் டார்க்டேபிளுக்கு. 2009இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், முழுக்க இலவசம். முதல் தடவை திறப்பவர்கள் பலர் "படம் மங்கலா இருக்கே" என்று மூடிவிடுகிறார்கள். கேமரா காட்டும் ஜேபெக்கில் கம்பெனிக்காரர்களின் கான்ட்ராஸ்ட் ஏற்கெனவே ஏறியிருக்கும், டார்க்டேபிளில் அதை நாம்தான் ஏற்ற வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். மாட்யூல் என்பது ஒரு திருத்தத்துக்கான தனிப் பெட்டி. முதலில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) மாட்யூல். பல்பு வெடித்துத் தெரிகிறதே என்று பயப்படாமல், கூடையும் முகமும் சரியான வெளிச்சத்துக்கு வரும் வரை ஏற்றுங்கள். அப்புறம் சிக்மாய்டு மாட்யூல், பளிச்சென்ற இடங்களை அது உள்ளே இழுத்துவிடும். அதில் கான்ட்ராஸ்ட் 1.5இல் தொடங்கும், காலை நேரத்துப் படத்துக்குப் பெரும்பாலும் அதைத் தொடவே வேண்டியதில்லை. சிக்மாய்டு, ஃபில்மிக் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. ஏதாவது ஒன்றைத்தான் போட வேண்டும், இரண்டையும் போட்டால் நிறம் செத்துவிடும்.

மூன்று நிற வெளிச்சத்தைப் பிரித்துச் சரிசெய்வதில்தான் டார்க்டேபிள் மற்ற இலவச சாஃப்ட்வேர்களைத் தாண்டி நிற்கிறது. நிறத்தைத் திருத்தும் இடம் கலர் காலிபரேஷன் மாட்யூல். பழக்கதோஷத்தில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் திருத்தம்) மாட்யூலையும் சேர்த்து நகர்த்தினால் சிவப்பில் எச்சரிக்கை வரும், ஏனென்றால் ஒரே திருத்தம் இரண்டு தடவை விழுகிறது. ஒயிட் பேலன்ஸை அதன் டீஃபால்ட்டிலேயே விட்டுவிடுங்கள். கலர் காலிபரேஷனில் மஞ்சள் விளக்குப் பகுதியைச் சுற்றி ஒரு மாஸ்க் (திருத்தம் விழும் எல்லை) வரைந்து, பிக்கரால் (நிறம் எடுக்கும் கருவி) ஐஸ் கட்டியையோ வெள்ளை பனியனையோ தேர்ந்தெடுத்து அந்தப் பகுதியை மட்டும் நேர்படுத்தலாம். அடுத்து அதே மாட்யூலின் இரண்டாவது இன்ஸ்டன்ஸை (பிரதி) திறந்து, முதல் மாஸ்க்கையே ராஸ்டர் மாஸ்க்காக (ஏற்கெனவே வரைந்ததை மறுபடி பயன்படுத்தும் மாஸ்க்) எடுத்துத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். இப்போது மிச்ச இடமான வானமும் படகும் தனியாகக் கிடைக்கும். மாஸ்க்கின் ஓரத்தை நன்றாகப் பரப்பிவிடுங்கள், இல்லையென்றால் மனிதர்களின் தோளில் ஒரு பக்கம் மஞ்சளும் ஒரு பக்கம் நீலமும் கோடு போட்டதுபோல் தெரியும். மஞ்சளை முழுக்கத் துடைத்தும் விடாதீர்கள். அந்த மஞ்சள் இல்லாவிட்டால் அது காசிமேட்டு விடியலே இல்லை.

பல்பைச் சுற்றி மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) வளையம் வந்தால் சாஃப்ட்வேரில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். சென்சாரில் பச்சை சேனல்தான் முதலில் நிரம்பி நின்றுவிடும். ஒயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும்போது அவை பச்சையைத் தாண்டிவிடுகின்றன, அதனால் வருவது அந்த நிறம். ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனில் கிளிப்பிங் த்ரெஷோல்டை (எந்த வெளிச்சத்துக்கு மேல் சேனல் நிரம்பியதாகக் கொள்வது என்ற எல்லை) 1.0இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், மறைந்துவிடும். மீன் செதிலின் மினுக்கில் சில புள்ளிகள் முழு வெள்ளையாக இருப்பதில் தப்பில்லை, அவற்றை மீட்கப் பாடுபடத் தேவையும் இல்லை.

குறை என்னவென்றால், கம்ப்யூட்டர் கொஞ்சம் பலமாக இருக்க வேண்டும். ஓப்பன்சிஎல் (கணக்கு வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தள்ளும் வசதி) வேலை செய்யும் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் சரளமாக ஓடும். பழைய லேப்டாப்பில் ஒவ்வொரு ஸ்லைடருக்கும் காத்திருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவும் நாளாகும், இரண்டு மூன்று வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப்தான் இருக்கிறது என்றால் ராதெரபி, இதுவும் ரா ஃபைலை டெவலப் செய்யும் இலவச சாஃப்ட்வேர்தான். கிராஃபிக்ஸ் கார்டை அது எதிர்பார்ப்பதில்லை. எண்ணூர்ப் படங்களுக்கு இதிலுள்ள ஹேஸ் ரிமூவல் (மூட்டம் நீக்கும் கருவி) நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் திறந்ததும் அதன் அளவு நிற்கும் 50 நம் கழிமுகத்துக்கு அதிகம். 20, 30க்குள் நிறுத்தினால் தூரத்துப் புகைபோக்கிகள் தெளிவாகும், வானமும் கெடாது. அதற்கு மேல் தள்ளினால் புகைபோக்கியின் ஓரத்தில் வெளிறிய வளையம் வரும், வானத்து நாய்ஸ் மணல்போல் கிளம்பும். இன்னொன்று, ராதெரபியில் ஷார்ப்பனிங் போன்ற சில கருவிகளின் விளைவு 100 சதவீத ஜூமில் மட்டும்தான் தெரியும். முழுப் படத்தையும் திரைக்குள் அடக்கி வைத்துக்கொண்டு "ஒண்ணும் மாறலையே" என்று ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தப்பு.

கேமரா கம்பெனிகளே இலவசமாகத் தருபவையும் உண்டு: கேனானின் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனியின் இமேஜிங் எட்ஜ். கேமரா ஜேபெக்கின் நிறம் அப்படியே வேண்டும் என்பவர்களுக்கு இவை போதும், மாஸ்க் போட்டுச் செய்யும் வேலைக்குப் பத்தாது.

இனி காசு கொடுக்க வேண்டிய இடம். கேரம் கிளப்பில் போர்டு மட்டும் பளீரென்று இருக்கும், ஸ்ட்ரைக்கரைக் குறிவைக்கும் முகம் இருட்டில். ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 6400 தாண்டித்தான் எடுக்க முடியும். டார்க்டேபிளின் டீநாய்ஸ் புரொஃபைல்டு மாட்யூல் உங்கள் கேமராவின் ஐஎஸ்ஓவைப் பார்த்துத் தானே அளவு வைத்துக்கொள்ளும், நிறப் பொட்டுகள் அநேகமாகப் போய்விடும். ஆனால் மீசை முடி, கை ரேகை போன்ற நுணுக்கங்களைக் காப்பாற்றுவதில் டிஎக்ஸ்ஓ கம்பெனியின் பியூர்ரா என்ற நாய்ஸ் சாஃப்ட்வேர் தெளிவாக ஒரு படி மேல். மாதச் சந்தா கிடையாது, ஒரு தடவை லைசென்ஸ் வாங்கினால் அந்த வெர்ஷன் உங்களுடையது. ரா ஃபைலை உள்ளே கொடுத்தால் சுத்தம் செய்த டிஎன்ஜி (ரா படத்துக்கான பொது ஃபைல் வடிவம்) வெளியே வரும், அதை டார்க்டேபிளில் வழக்கம்போலத் திறக்கலாம். வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். உங்கள் கேமராவும் லென்ஸும் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்பது ஒன்று, இல்லையென்றால் பணம் வீண். வெளியே வரும் டிஎன்ஜியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிற மதிப்பும் இருப்பதால் ஃபைல் மூன்று மடங்குக்கும் மேல் பெருக்கும் என்பது இன்னொன்று. ஒரு மாலையில் எடுத்த முந்நூறு படத்தையும் இதில் போட்டால் ஹார்ட் டிஸ்க் தாங்காது. தேறிய பத்துப் பதினைந்துக்கு மட்டும் போடுங்கள். சோதனைக் காலம் இலவசம், உங்கள் கேரம் படங்களிலேயே போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கறுப்பு வெள்ளைக்கு நிக் கலெக்‌ஷனின் சில்வர் எஃபெக்ஸைப் பலரும் கேட்கிறார்கள். 2016இல் கூகுள் அதை இலவசமாக்கியது, 2017இல் டிஎக்ஸ்ஓ வாங்கியது, இப்போது விலைக்குத்தான். அருமையான பிளகின், சந்தேகமில்லை. இருந்தாலும் டார்க்டேபிளின் கலர் காலிபரேஷனிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரீசெட்டுகள் இருக்கின்றன. முதலில் அவற்றைத் தீர்த்துவிட்டு அப்புறம் அந்தச் செலவை யோசிக்கலாம்.

சவுகார்பேட்டைச் சந்துகளில் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் குறுக்கே கேபிள் ஒயர். அதை அழிக்க ஜிம்ப் என்ற இலவச எடிட்டர் போதும். 2025 மார்ச்சில் 3.0 வந்த பிறகு ஃபில்டர்களைப் பின்னால் மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. ரீசிந்தசைசர் பிளகினைப் போட்டு, ஒயரை மெல்லிய செலக்‌ஷனாக எடுத்து, ஹீல் செலக்‌ஷன் கொடுங்கள். அதில் சாம்பிள் அகலம் (நிரப்புவதற்குச் சுற்றிலும் எடுக்கும் இடம்) 50 பிக்சல் என்று நிற்கும். ஒயர் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் போனால் அதை 15, 20 ஆக்குங்கள், இல்லையென்றால் வானத்தில் ஜன்னல் முளைக்கும். முழு ஒயரையும் ஒரே மூச்சில் எடுக்காமல் துண்டு துண்டாகச் செய்வது நல்லது. ஜிம்ப் 2.10க்கு எழுதிய பிளகின்கள் 3.0இல் ஓடாது, டவுன்லோடு செய்யும்போது வெர்ஷனைப் பாருங்கள். ஜிம்ப் பழகவில்லை என்றால் அஃபினிட்டி. கேன்வா கையில் போன பிறகு 2025 அக்டோபரில் இலவசமாகிவிட்டது. கேன்வா அக்கவுன்ட் மட்டும் வேண்டும், ஏஐ கருவிகளுக்குத்தான் சந்தா. அதன் இன்பெயின்டிங் பிரஷ் சந்தா இல்லாமலேயே ஒயர் வேலையை அழகாக முடித்துவிடும். லினக்ஸுக்கு மட்டும் இல்லை.

அடோபியின் லைட்ரூம் நல்ல சாஃப்ட்வேர்தான், மாதா மாதம் கட்ட முடிந்தவர்களுக்கு. 20 ஜிபி போட்டோகிராஃபி பிளானைப் புதியவர்களுக்கு விற்பதை அடோபி 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டதால் நுழையும் செலவே கூடிவிட்டது. சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம், டெவலப் மாட்யூல் பூட்டிக்கொள்ளும். பென்டிரைவில் சுற்றும் கிராக் (பூட்டை உடைத்த திருட்டு காப்பி) பக்கம் மட்டும் போகாதீர்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லும் எதுவும், பத்து வருடப் படங்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடலாம்.

பேக்கப் எடுக்கும்போது ரா ஃபைலோடு அதன் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்எம்பி ஃபைலையும் சேர்த்து எடுங்கள். டார்க்டேபிளில் செய்த திருத்தமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ராதெரபியில் அது பிபி3. பிரின்டுக்கு எக்ஸ்போர்ட் செய்யும்போது நிற அளவுகோல் எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் குவாலிட்டி 95. 12க்கு 18 இன்ச் பிரின்டுக்கு 3600க்கு 5400 பிக்சல் வைத்தால் 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) கிடைக்கும், 24 மெகாபிக்சல் கேமராவுக்கு அது தாராளம். லேப்டாப் பிரைட்னஸை முழுதாக ஏற்றி வைத்து எடிட் செய்தால் பிரின்ட் கருத்துத்தான் வரும், பாதிக்குக் கீழே இறக்கிவைத்துப் பாருங்கள். லேபில் ஃபைலைக் கொடுக்கும்போது ஆட்டோ கரெக்‌ஷனை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், பார்த்துப் பார்த்து விட்டுவைத்த அந்த மஞ்சளை மெஷின் வெள்ளையாக்கிக் கொடுத்துவிடும்.