டச், கிராஸ் கேம், புளூ பாக்ஸ்: கனவு யாருடையது?

பள்ளிக் காதலையும் விளையாட்டையும் ஒன்றாகப் பின்னிய மாங்காக்களில், அதாவது ஜப்பானியப் படக்கதைகளில், எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று பெயர்களைச் சொல்வேன்: மித்சுரு அடாச்சியின் 'டச்', கால் நூற்றாண்டு கழித்து அவரே வரைந்த 'கிராஸ் கேம்', கோஜி மியுராவின் 'புளூ பாக்ஸ்'. மூன்றும் எனக்குப் பிடித்தவை. ஆனால் மூன்றையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

'ஸ்லாம் டங்க்' எங்கே என்று உடனே கேட்பார்கள். சகுராகி கூடைப்பந்து அணியில் சேர்வது ஹருகோ என்ற பெண்ணுக்காகத்தான். ஆனால் அந்தக் காதல் மைதானத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது, உள்ளே போவது ஆட்டம் மட்டுமே. மகத்தான விளையாட்டுக் கதை அது. இந்த வரிசையில் சேராது.

இந்தக் கதைகளுக்குள் போகுமுன் கோஷியென் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். ஹியோகோ மாகாணத்தின் நிஷினோமியா நகரில் 1924-இல் திறக்கப்பட்ட பேஸ்பால் மைதானம் அது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பள்ளிகளுக்கான தேசியப் போட்டி அங்கே நடக்கிறது. மாகாணத்துக்கு ஒரு பள்ளி, டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் இரண்டிரண்டு, ஆக 49 அணிகள். அங்கே போவதற்கான தகுதிச் சுற்றிலும் சரி, அங்கே போன பிறகும் சரி, ஒரு முறை தோற்றால் அந்தக் கோடை முடிந்தது. மூன்றாம் ஆண்டு மாணவனுக்குப் பள்ளி பேஸ்பாலே முடிந்தது. பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்காரர்களுக்குக் கையில் இருப்பவை மூன்றே கோடைகள். காதலைச் சொல்வதற்கும் அதே மூன்று கோடைகள்தான். இந்தக் கெடுதான் இவ்வகைக் கதைகளின் உயிர்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பள்ளி பேஸ்பாலின் அதிகாரபூர்வ ஆட்டங்களில் ஆண்களின் அணியோடு சேர்ந்து ஆட மாணவிகளுக்கு இடமில்லை. அப்படியானால் காதலிக்கப்படும் பெண் எங்கே நிற்பாள்? மூன்று மாங்காக்களும் மூன்று பதில்களைச் சொல்கின்றன. அவற்றின் தரத்தை நான் நிறுத்துப் பார்ப்பது அந்தப் பதில்களை வைத்துத்தான்.

'டச்' 1981 முதல் 1986 வரை ஷோனென் சண்டே வார இதழில் வந்தது. 26 தொகுதிகள். தட்சுயா, கசுயா என்று இரட்டைப் பிள்ளைகள், பக்கத்து வீட்டில் மினாமி. தம்பி கசுயா உழைப்பாளி, அணியில் பந்தெறியும் பிட்சர். அண்ணன் தட்சுயா எதையும் முழு மனத்தோடு செய்யாதவன். தன்னைக் கோஷியெனுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது மினாமியின் சிறு வயது ஆசை. மாகாண இறுதி ஆட்டத்தன்று காலை, சாலையில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப்போய் கசுயா இறந்துவிடுகிறான். இதை மறைத்துவிட்டு இந்த மாங்காவைப் பற்றிப் பேச வழியில்லை, கதை மொத்தமும் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. தொடர் ஓட்டப்பந்தயத்தில் கோலைக் கைமாற்றுவதை ஜப்பானியர்கள் 'பேட்டன் டச்' என்கிறார்கள். தம்பியின் கையிலிருந்த பந்து அண்ணனின் கைக்கு வருகிறது.

மருத்துவமனையில் தட்சுயா தன் தம்பியின் முகத்தை மினாமிக்குக் காட்டும் சில பக்கங்களை நான் எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன். யாரும் கதறுவதில்லை. தாழ்ந்த குரலில் சில வாக்கியங்கள், அவ்வளவுதான். அடாச்சியின் கலை அங்கே தெரிகிறது. துயரம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் அவர் முகங்களை விட்டு விலகி வானத்தையும் மேகத்தையும் ஆளில்லாத தெருவையும் வரைகிறார். வாசகர் அந்த வெற்றுக் கட்டத்தில் தானாகவே நின்றுவிடுவார். இறந்தவனோடு போட்டி போட்டு யாராலும் ஜெயிக்க முடியாது என்பதுதான் தட்சுயாவின் சிக்கல். மாகாண இறுதியைக் கடந்ததும் அவனுக்குள் ஒரு வெறுமை வருகிறது. தம்பியின் கடன் தீர்ந்துவிட்டது, இனி எதற்காக எறிவது? இவ்வளவு பக்கங்கள் ஏங்கவைத்த கோஷியென் ஆட்டங்களை அடாச்சி ஏறக்குறைய வரையாமலே கடந்துவிடுவதன் காரணம் அதுதான். அந்தத் துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் மினாமி? அவளுடைய கனவை இரண்டு ஆண்கள் சுமக்கிறார்கள், அவள் காத்திருக்கிறாள். பிற்பாதியில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்ந்து வெகு சீக்கிரத்திலேயே பெயர் வாங்குகிறாள். அந்த வெற்றிக்குப் பின்னால் வியர்வை இருப்பதாக நம்மால் உணர முடிவதில்லை. பெண்களின் உடையை வைத்துச் செய்யும் சில வேடிக்கைகளும் இன்று படிக்கையில் உறுத்துகின்றன. காலத்தின் கறை என்று சொல்லலாம், இருந்தாலும் கறைதான்.

அந்தக் குறையை அடாச்சியே உணர்ந்து எழுதியதுபோல இருக்கிறது 'கிராஸ் கேம்'. 2005 முதல் 2010 வரை, 17 தொகுதிகள். கிதாமுரா குடும்பம் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருக்கிறது. சுகிஷிமா குடும்பம் பேட்டிங் பயிற்சிக்கூடம் நடத்துகிறது, அந்த வீட்டில் நான்கு பெண்கள். இரண்டாவது பெண் வகாபாவும் கிதாமுரா கோவும் ஒரே மருத்துவமனையில் ஒரே நாளில் பிறந்தவர்கள். இருபது வயது வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கோ தனக்கு என்ன வாங்கித்தர வேண்டும் என்று வகாபா முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். கடைசி வரியில் இருப்பது நிச்சயதார்த்த மோதிரம். ஐந்தாம் வகுப்புக் கோடை முகாமில் அவள் நீரில் மூழ்கி இறந்துவிடுகிறாள். முதல் தொகுதி முழுவதும் இந்தக் குழந்தைப் பருவம்தான். அதன்பின் பட்டியல் மட்டும் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே போகிறது, அதை எழுதியவள் வளரவில்லை.

இங்கே நாயகி அடுத்த தங்கை ஆவோபா. அக்காவைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டவன் என்று கோ மீது சிறு வயது முதல் வெறுப்புக் கொண்டவள். அவள்தான் உண்மையான பிட்சர். அவளுடைய எறியும் முறை அவ்வளவு அழகானது. கோ அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறான். அவள் செய்யும் பயிற்சிகளை யாருக்கும் சொல்லாமல் தானும் செய்கிறான். ஆனால் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி ஆட்டம் தவிர வேறெதிலும் அவளால் இறங்க முடியாது. தன்னுடைய அசைவுகள் வேறொருவன் உடலில் மேடையேறுவதை அவள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறாள். பெருமையும் பொறாமையும் ஏக்கமும் ஒரே பார்வையில் கலந்திருக்கும். காதல் வசனத்தை இந்த இருவருக்கும் அடாச்சி எளிதில் தருவதில்லை. அவன் எறியும் ஒவ்வொரு பந்தும் அவளுடைய கையெழுத்தாக இருக்கும்போது வசனம் எதற்கு? விளையாட்டும் காதலும் ஒட்டுப்போட்டதாக இல்லாமல் ஒரே நூலாக ஓடுவதை நான் பார்த்தது இந்தக் கதையில்தான். அணியிலிருந்து ஒதுக்கப்பட்டவர்கள் முதல்நிலை அணியை எதிர்த்து ஆடும் பகுதி சற்று வழக்கமான பாதைதான், இருந்தும் சலிக்கவில்லை.

'புளூ பாக்ஸ்' 2021 ஏப்ரலில் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கியது. தலைப்பில் உள்ள பெட்டி பள்ளியின் உள்விளையாட்டு அரங்கம். இனோமதா தாய்கி இறகுப்பந்து ஆடுபவன், ஒரு வயது மூத்த சினாட்சு கூடைப்பந்து வீராங்கனை. அதிகாலைப் பயிற்சிக்கு இருவரும் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடுகிறார்கள். நடுநிலைப் பள்ளியில் முக்கியமான ஆட்டம் ஒன்றில் தோற்ற சினாட்சு, மறுநாள் காலையில் அழுதுகொண்டே பந்தைக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்ததை அவன் பார்த்திருக்கிறான். அவன் மனம் விழுந்தது அங்கேதான், அழகைப் பார்த்து மட்டும் அல்ல. அவள் பெற்றோர் வெளிநாடு போக, அம்மாக்களின் பழைய அணி நட்பால் அவள் தாய்கியின் வீட்டிலேயே தங்க நேர்கிறது. இந்த ஏற்பாடு செயற்கையானது என்று முதலில் முகம் சுளித்தேன். மியுரா அதைக் கேலிக் காட்சிகளுக்குப் பயன்படுத்தாமல், ஒருவர் உழைப்பை இன்னொருவர் அருகிலிருந்து பார்ப்பதற்குப் பயன்படுத்துகிறார்.

இங்கே யாரும் யாரையும் எங்கும் அழைத்துப்போக வேண்டியதில்லை. அவளுக்கு அவளுடைய ஆடுகளம் இருக்கிறது, இன்டர்ஹை எனும் தேசியப் போட்டிக்கு அவள் தன் கால்களாலேயே போக விரும்புகிறாள். தாய்கியின் தோழி ஹினாவும் ஜிம்னாஸ்டிக்ஸில் பெயரெடுத்தவள். தாய்கியிடம் அவள் தன் மனத்தைச் சொல்லும் பகுதி, இந்த மாங்காவில் எனக்கு மிகப் பிடித்தது. தோற்பவளுக்கு இவ்வளவு மரியாதை தரும் காதல் கதைகள் குறைவு. மாறாக, ஆட்டங்கள் எனக்குப் போதவில்லை. இறகுப்பந்தின் வேகமும் ஏமாற்று வித்தையும் தாளில் இறங்குவதற்குள் பாத்திரங்களின் மனக்குரல் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடாச்சி ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பார். மியுரா அங்கே எழுதிவிடுகிறார்.

ஆகவே, என் முதல் இடம் 'கிராஸ் கேம்'. 'டச்' தந்த ஒரே ஒரு மரணக் காட்சிக்கு ஈடாக மற்ற இரண்டிலும் எதுவும் இல்லை, ஆனாலும் முழுக் கதையாகப் பார்த்தால் இரண்டாம் இடம்தான். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஒன்றை மட்டும் தர வேண்டுமென்றால் 'புளூ பாக்ஸ்' தருவேன்.

அனிமே எனும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் வழியாக வர விரும்புவோருக்கு: 'டச்' 101 பகுதிகள், 'கிராஸ் கேம்' 50, 2024 அக்டோபரில் தொடங்கிய 'புளூ பாக்ஸ்' முதல் பருவம் 25. ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு 'கிராஸ் கேம்' எட்டு தடித்த புத்தகங்களாக வந்திருக்கிறது. முதல் புத்தகத்தை மட்டும் வாங்கிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பிறந்தநாள் பட்டியலைப் படித்த இரவில் இரண்டாவதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.