கீகிளோக்: லாகின் ஒரு நாளில், லாகவுட் ஒரு மாதத்தில்

விடுப்பு போட ஒரு பாஸ்வேர்டு, டிக்கெட் பார்க்க ஒன்று, ரிப்போர்ட் எடுக்க இன்னொன்று என்று ஆகி, ஊழியர்கள் கீபோர்டுக்கு அடியில் துண்டுச்சீட்டு ஒட்டத் தொடங்கிய பிறகுதான் பல அலுவலகங்களில் சிங்கிள் சைன்-ஆன் (எஸ்எஸ்ஓ: ஒரே லாகினில் எல்லா ஆப்களுக்குள்ளும் நுழைவது) பேச்சே எழும். அப்போது முதலில் காதில் விழும் பெயர் கீகிளோக், அந்த ஒற்றை லாகினைக் கவனிக்கும் சர்வர் மென்பொருள். ரெட் ஹேட் தொடங்கியது. முதல் பதிப்பு 2014-இல் வந்தது. 2023-இல் சிஎன்சிஎஃப் என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் குடையின் கீழ் சேர்ந்தது. ஓப்பன் சோர்ஸ், அப்பாச்சி 2.0 உரிமம். லைசென்ஸுக்குப் பைசா கேட்காது. கேட்க வேண்டியதை லாகவுட்டிலும் அப்கிரேடிலும் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

இங்கே எழுதுவது 26-ஆம் வரிசைப் பதிப்பை வைத்து. இதைச் சொல்லக் காரணம் உண்டு. தேடினால் கிடைக்கும் வழிகாட்டிகளில் நிறைய, 17-க்கு முந்தியவை. 2022-இல் வந்த 17-ஆம் பதிப்பில் அடித்தளமான வைல்டுஃப்ளை என்ற ஜாவா சர்வரை ஓரங்கட்டிக் குவார்க்கஸுக்கு மாறினார்கள். யூஆர்எல்லில் இருந்த '/ஆத்' என்ற துண்டும் அப்போதே போயிற்று. ஒரு வழிகாட்டியில் '/ஆத்/ரெல்ம்ஸ்' என்று பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். பழைய ஆப்களில் அந்த யூஆர்எல்லை மாற்றவே முடியாது என்றால் மட்டும், ரிலேட்டிவ் பாத் அமைப்பில் அதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

நிறுவுவது சுலபம். டெவலப்மென்ட் மோடில் டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) ஒரே வரியில் எழுந்து நிற்கும். ஆபத்தும் அங்கேதான். அந்த மோடில் டேட்டாபேஸ் எச்2 என்ற உள்கோப்பு, எச்டிடிபிஎஸ் கேட்காது. 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்று அதையே புரொடக்‌ஷனில் விட்டால், கன்டெய்னரை அழித்து மறுபடி எழுப்பும் நாளில் யூசர்கள் அத்தனை பேரும் காணாமல் போவார்கள். முதல் நாளிலிருந்தே போஸ்ட்கிரெஸ் என்ற தனி டேட்டாபேஸை வைத்துக்கொள்ளுங்கள். சிறிய நிறுவனத்துக்கு 2 ஜிபி மெமரி வரம்பு உள்ள ஒரு கன்டெய்னர் போதும். வரம்பைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஏனென்றால் ஜாவா ஹீப் (நிரல் தன் வேலைக்கு எடுக்கும் மெமரி) அந்த வரம்பில் 70 சதவீதம் என்று கணக்குப் போட்டு எடுத்துக்கொள்கிறது. வரம்பே இல்லாவிட்டால் சர்வரின் முழு மெமரியில் 70 சதவீதத்துக்குக் கை நீட்டும். சிபியு பெரும்பாலும் பாஸ்வேர்டு சரிபார்ப்பில்தான் செலவாகிறது: நொடிக்கு 15 பாஸ்வேர்டு லாகினுக்கு ஒரு விசிபியு (மெய்நிகர் சிபியு) என்பது கீகிளோக் குழுவே தரும் கணக்கு. காலை ஒன்பது மணிக்கு மொத்த அலுவலகமும் ஒரே நேரத்தில் நுழையும் இடங்களில் இந்த எண்ணை வைத்துத்தான் திட்டமிட வேண்டும், நாள் முழுவதற்குமான சராசரியை வைத்து அல்ல.

என்ஜின்எக்ஸ் என்ற முன்வாசல் வெப் சர்வருக்குப் பின்னால் வைப்பதானால் மூன்று விஷயங்களைச் சேர்த்தே செய்ய வேண்டும். ஹோஸ்ட்நேம் அமைப்பில் எச்டிடிபிஎஸ் உள்பட முழு முகவரியைக் கொடுப்பது. உள்பக்கம் எச்டிடிபியை அனுமதிப்பது. ப்ராக்ஸி ஹெடர்ஸ் அமைப்பில் எக்ஸ்-ஃபார்வர்டட் வகையைத் தேர்ந்து, என்ஜின்எக்ஸும் அந்த ஹெடர்களை உண்மையிலேயே அனுப்புகிறதா என்று பார்ப்பது. ஒன்று விட்டுப்போனாலும் அட்மின் பக்கம் வெள்ளையாகச் சுழன்றுகொண்டே நிற்கலாம். பிரவுசர் கன்சோலைத் திறந்தால் எச்டிடிபிக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கும் நடக்கும் சண்டை தெரியும். அட்மின் கன்சோலை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வெளியே தெரிய வேண்டியவை ரெல்ம்ஸ், ரிசோர்சஸ் போன்ற ஒரு சில பாத்கள் மட்டுமே.

முதலில் எடுக்க வேண்டிய முடிவு ரெல்ம் பற்றியது. அதிகம் பேர் சறுக்குவதும் இதில்தான். ரெல்ம் என்பது ஒரு தனி ஊர் மாதிரி: யூசர்கள், செஷன்கள், சாவிகள் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். ஆப்புக்கு ஒரு ரெல்ம் என்று பிரித்துவிட்டு 'எஸ்எஸ்ஓ வேலை செய்யவில்லையே' என்று தேடுபவர்கள் ஏராளம். செய்யாது. ஒரு ரெல்மில் நுழைந்தவரை அடுத்த ரெல்முக்குத் தெரியாது. ஊழியர்களுக்கு ஒன்று, வாடிக்கையாளர்களுக்கு ஒன்று என்று பிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆப்கள் எல்லாம் ஒரே ரெல்முக்குள் தனித்தனி கிளையண்டுகளாக (கீகிளோக்கில் ஒரு ஆப்பின் பதிவுக்கு இதுவே பெயர்) இருக்க வேண்டும். கூடவே வரும் மாஸ்டர் ரெல்ம் அட்மின்களுக்கு மட்டுமே. அதில் ஆப் எதையும் சேர்க்கக் கூடாது.

கிளையண்ட் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. ஓப்பன்ஐடி கனெக்ட் (லாகின் தகவலைப் பரிமாறும் பொதுத் தரம்) வகை, ஸ்டாண்டர்டு ஃப்ளோ மட்டும் ஆன், டைரக்ட் ஆக்சஸ் கிராண்ட் ஆஃப். சர்வரில் ஓடும் ஆப்புக்கு கிளையண்ட் ஆதென்டிகேஷன் ஆன். பிரவுசரிலேயே ஓடும் ஆப்புக்கு அது ஆஃப், பதிலாக பிகேசிஇ-யில் (லாகின் குறியீட்டைத் திருடினாலும் பயன்படாமல் செய்யும் தடுப்பு) எஸ்256. பிறகு ரீடைரக்ட் யூஆர்ஐ, அதாவது லாகின் முடிந்ததும் யூசர் திரும்ப வேண்டிய முகவரி. ஆப் அனுப்புவதும் இங்கே பதிந்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலோ குறைந்தாலோ 'இன்வாலிட் பாராமீட்டர்: ரீடைரக்ட் யூஆர்ஐ' என்று முகத்தில் அடித்தாற்போல ஒரு பக்கம் வரும். எரிச்சலில் வெறும் நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். அது திருடன் கையில் சாவி கொடுப்பதற்குச் சமம், லாகின் முடிந்ததும் பிறக்கும் குறியீட்டை எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும் அனுப்பச் சொல்ல முடியும். பிரவுசர் ஆப்புக்கு வெப் ஆரிஜின்ஸ் பெட்டியை நிரப்ப மறக்க வேண்டாம். அது காலியாக இருந்தால் லாகின் பக்கம் ஒழுங்காக வந்துவிட்டு, டோக்கன் (நுழைவுச் சீட்டு) வாங்கும் இடத்தில் கோர்ஸ் பிழை (வேறு தளத்துக்குப் போகும் கோரிக்கையை பிரவுசர் தடுப்பது) வரும். ஒரு கூட்டல் குறி போட்டால் ரீடைரக்ட் யூஆர்ஐகளிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும்.

இதுவரை ஒரு நாள் வேலை. ஸ்பிரிங் செக்யூரிட்டி போன்ற ஃப்ரேம்வொர்க்குகளில் இஷ்யுவர் (டோக்கனை வழங்கும் கீகிளோக் ரெல்ம்) முகவரியை மட்டும் கொடுத்தால், டிஸ்கவரி யூஆர்எல் வழியாக மற்ற எல்லாவற்றையும் அவையே கண்டுபிடித்துக்கொள்கின்றன. கீகிளோக்கின் சொந்த ஸ்பிரிங் அடாப்டரைத் தேடிப் போக வேண்டாம், அது கைவிடப்பட்டது. ஓப்பன்ஐடியே தெரியாத பழைய ஆப்பானால் முன்னால் ஓஆத்2-ப்ராக்ஸி என்ற கருவியை வைத்துச் சமாளிக்கலாம்.

லாகின் ஆகிவிட்டது, ஆனால் ஏபிஐ (ஆப் தரவு கேட்கும் சர்வர் பக்கம்) மட்டும் 401 அல்லது 403 (அனுமதி மறுப்பு) தருகிறது என்றால் யூகிக்க வேண்டாம், ஆக்சஸ் டோக்கனைப் பிரித்துப் பாருங்கள். புள்ளியால் பிரிந்த மூன்று துண்டுகளில் நடுத்துண்டை பேஸ்64 டீகோட் செய்தால் ஜேசன் கிடைக்கும். அதில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, இஷ்யுவர். உள்நெட்வொர்க்கில் ஆப் 'கீகிளோக்:8080' என்று கூப்பிட, யூசரின் பிரவுசர் பொது முகவரியில் வந்திருந்தால், ஆப் எதிர்பார்க்கும் இஷ்யுவரும் டோக்கனில் இருப்பதும் வேறாகிவிடும். டாக்கர் கம்போஸில் முதல்முறை முயல்பவர்கள் அநேகமாக இதில் முட்டிக்கொள்வார்கள். மருந்து: பொது முகவரியை நிலையாகக் கொடுத்துவிட்டு, ஹோஸ்ட்நேம் பேக்சேனல் டைனமிக் என்ற அமைப்பை ஆன் செய்வது. இரண்டு, ஆடியன்ஸ், அதாவது டோக்கன் யாருக்கானது என்பது. அங்கே 'அக்கவுண்ட்' என்று மட்டும் இருக்கும், உங்கள் ஏபிஐ-யின் பெயர் இருக்காது; கிளையண்ட் ஸ்கோப்பில் ஆடியன்ஸ் மேப்பர் (டோக்கனில் தகவல் சேர்க்கும் விதி) ஒன்றை நாமே சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் ஆப் பக்கம் ஆடியன்ஸ் சோதனையை அணைத்துவிடுவது சோம்பேறித்தனம். மூன்று, ரோல்கள். அவை 'ரெல்ம் ஆக்சஸ்' என்ற பொட்டலத்துக்குள் இருக்கும். ஸ்பிரிங் செக்யூரிட்டி அங்கே எட்டிக்கூடப் பார்க்காது, ஸ்கோப்பைத்தான் படிக்கும். கன்வெர்ட்டர் ஒன்றை எழுதினால்தான் உங்கள் அட்மின் ரோல் அட்மினாகத் தெரியும்.

குரூப் மேப்பரைப் போடும்போது கை சற்று அடங்கட்டும். ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் அலுவலகங்களின் யூசர் பட்டியல்) ஒருவர் நூறு குரூப்பில் இருந்தால் நூறும் டோக்கனில் ஏறும். டோக்கனைக் குக்கியில் வைக்கும் ஆப்களில், ஒரு குக்கிக்கு 4 கேபி என்ற பிரவுசர் எல்லை அங்கே தட்டும். என்ஜின்எக்ஸ் 502 கொடுக்கும், அதன் லாகில் 'அப்ஸ்ட்ரீம் சென்ட் டூ பிக் ஹெடர்' என்று எழுதியிருக்கும். ப்ராக்ஸி பஃபர் சைஸைக் கூட்டினால் 502 போகும். நோய் போகாது; தேவையான ரோல்களை மட்டும் அனுப்புவதுதான் வழி.

எல்டாப் (இப்படிப்பட்ட யூசர் பட்டியலைப் படிக்கும் நெறி) இணைப்பு கீகிளோக்கின் பலங்களில் ஒன்று, ஒரு பொறியைத் தவிர. எடிட் மோடில் 'அன்சிங்க்டு' தேர்ந்தால், யூசர் மாற்றும் பாஸ்வேர்டு கீகிளோக்கில் மட்டும் சேமிக்கப்படும். விண்டோஸ் லாகினுக்குப் பழையதே தொடரும். ஹெல்ப்டெஸ்க் போன் ஓயாது. ரீட்-ஒன்லி வைப்பது நிம்மதி. பாஸ்வேர்டை எழுதியே ஆக வேண்டும் என்றால் ஆக்டிவ் டைரக்டரியோடு மறையாக்கிய இணைப்பு, பொதுவாக எல்டாப்ஸ் (636 போர்ட்), அவசியம். இன்னொரு குறை: புதிய ரெல்மில் ப்ரூட் ஃபோர்ஸ் பாதுகாப்பு (பாஸ்வேர்டை மாற்றி மாற்றி ஊகிப்பதைத் தடுப்பது) ஆஃபில்தான் வருகிறது. ஆன் செய்வது உங்கள் பொறுப்பு. பாதுகாப்புக்காகவே உள்ள மென்பொருளில் இப்படி ஒரு டீஃபால்ட் ஏன் என்பது புரியாத புதிர்.

இனி லாகவுட். இங்கே உயிரோடு இருப்பவை மூன்று: ஆப்பின் சொந்த செஷன், கீகிளோக்கின் எஸ்எஸ்ஓ செஷன், ஏற்கெனவே கைமாறிய ஆக்சஸ் டோக்கன். ஆப்பில் லாகவுட் பட்டனை அழுத்தினால் முதலாவது மட்டும் சாகும். யூசர் மறுபடி லாகின் அழுத்த, பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போய்விடுவார். பொதுக் கணினியில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே ஆப், யூசரை கீகிளோக்கின் எண்ட்-செஷன் முகவரிக்கு அனுப்ப வேண்டும். கூடவே ஐடி டோக்கனை (யூசர் யார் என்று சொல்வது) ஒரு அடையாளக் குறிப்பாகச் சேர்த்தால் நேரே வெளியேற்றும். சேர்க்காவிட்டால் 'வெளியேற வேண்டுமா?' என்று ஒரு பக்கம் குறுக்கே நிற்கும். திரும்பி வர வேண்டிய முகவரியை, கிளையண்டில் போஸ்ட் லாகவுட் ரீடைரக்ட் யூஆர்ஐ என்ற தனிப் பெட்டியில் பதிய வேண்டும். 18-ஆம் பதிப்புக்கு முன் எழுதிய லாகவுட் கோடு இப்போது ஓடாது.

இது ஒரு ஆப்புக்கு. மற்ற ஆப்களிலிருந்தும் அவரை வெளியேற்ற வேண்டாமா? ஃப்ரண்ட்சேனல் முறை மறைமுக ஐஃப்ரேம்கள் மூலம் ஒவ்வொரு ஆப்பையும் தட்டுகிறது; மூன்றாம் தரப்பு குக்கிகளை பிரவுசர் தடுத்தால் சத்தமில்லாமல் தோற்கும். நம்ப வேண்டியது பேக்சேனல்: கீகிளோக் சர்வர் நேரடியாக ஆப் சர்வருக்கு ஒரு லாகவுட் டோக்கனை போஸ்ட் செய்யும். அதிலும் மூன்று குழிகள். கீகிளோக்கிலிருந்து ஆப்புக்குப் போகும் திசையில் ஃபயர்வால் திறந்திருக்காது, ஏனென்றால் அதுவரை எல்லாமே எதிர்த்திசையில்தான் போய்க்கொண்டிருந்தன. திறந்தாலும், ஆப்பின் சிஎஸ்ஆர்எஃப் தடுப்பு (வேறு தளத்திலிருந்து போலியாக வரும் கோரிக்கையை மறுப்பது) அந்த போஸ்டை அந்நியனாகப் பார்த்து 403 சொல்லும். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும். அதையும் தாண்டினால், ஆப் இரண்டு சர்வர்களில் ஓடி, செஷனை அவரவர் மெமரியில் வைத்திருந்தால், செய்தி ஒரு சர்வருக்குத்தான் போகும்; மற்றதில் யூசர் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். செஷனை ரெடிஸ் போன்ற பொது இடத்தில் வைக்காமல் இதற்குத் தீர்வு இல்லை.

மூன்றாவதான ஆக்சஸ் டோக்கனை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது, ஏபிஐ அதை உள்ளூரிலேயே சரிபார்க்கும் வரை. அதனால்தான் அதன் ஆயுள் 5 நிமிடம் என்று வருகிறது. 'அடிக்கடி லாகின் கேட்கிறது' என்ற புகாருக்கு அதை 8 மணி நேரமாக்குவது தவறான மருந்து. வேலையை விட்டுப் போனவர் கணக்கை மூடிய பின்னும் மாலை வரை ஏபிஐ-க்குள் இருப்பார். அந்தப் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் எஸ்எஸ்ஓ செஷன் ஐடில் என்ற 30 நிமிட எல்லை. மொத்த எல்லை 10 மணி நேரம். ஐடிலை ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டி, டோக்கனை 5 நிமிடத்திலேயே விடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட கீகிளோக் நோடுகள் (சர்வர் பிரதிகள்) ஓட்டுவது முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. 26-இலிருந்து யூசர் செஷன்கள் டேட்டாபேஸில் சேமிக்கப்படுவதால், ரீஸ்டார்ட் செய்தால் ஊரையே வெளியேற்றும் பழைய அவமானம் இல்லை. நோடுகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதும் 26.1 முதல் டேட்டாபேஸ் வழியாகவே. ஆனாலும் 7800 போர்ட் நோடுகளுக்கு இடையே திறந்திருக்க வேண்டும்.

அப்கிரேடுதான் அடுத்த செலவு. சமூகப் பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்கள் புதிய பதிப்புக்கே வரும். பழையதில் உட்கார்ந்திருக்க முடியாது, நீண்ட ஆதரவு வேண்டுமென்றால் ரெட் ஹேட்டின் கட்டணப் பதிப்புக்குப் போக வேண்டும். புதிய பதிப்பு எழும்போதே டேட்டாபேஸ் ஸ்கீமாவை (அட்டவணை அமைப்பை) மாற்றிவிடும். திரும்பும் வழி, பேக்கப்பை மீட்பது மட்டும். லாகின் பக்கத்தின் டெம்ப்ளேட் கோப்புகளை முழுதாக நகலெடுத்து அழகுபடுத்தியிருந்தால் ஒவ்வொரு முறையும் அது உடையும் வாய்ப்புண்டு; சிஎஸ்எஸ்ஸும், தமிழ் வேண்டுமானால் மொழிக் கோப்பும் மட்டும் சேர்ப்பது காலம் தாங்கும். அட்மின் கன்சோலில் எடுக்கும் எக்ஸ்போர்ட்டை பேக்கப் என்று நம்பாதீர்கள்: சீக்ரெட்கள் நட்சத்திரக் குறிகளாக இருக்கும், யூசர்கள் இருக்க மாட்டார்கள்.

யார் எடுக்கலாம்? ஒரே ஒரு ஆப் வைத்திருப்பவருக்கு இது கொசுவுக்குப் பீரங்கி. ஃப்ரேம்வொர்க்கின் சொந்த லாகின் போதும். ஊழியர்கள் எல்லோரும் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் என்ட்ராவிலோ ஜோஹோ டைரக்டரியிலோ இருந்தால், ஆப்களை நேரே அங்கே இணைப்பது பாதி வேலையை மிச்சப்படுத்தும். நான்கைந்து சொந்த ஆப்கள், வாடிக்கையாளர் தரவு தன் சர்வரை விட்டு வெளியே போகக் கூடாது என்ற கட்டாயம், லினக்ஸ் தெரிந்த ஒருவரின் மாதத்தில் இரண்டு மூன்று நாள் — இவை இருந்தால் கீகிளோக்கை எடுக்கலாம். அப்படி எடுத்தால், திறப்பு விழாவுக்கு முன் இரண்டு பிரவுசரில் ஒரே யூசராக நுழைந்து, அட்மின் கன்சோலின் செஷன்ஸ் பக்கத்தில் அவரை வெளியேற்றிவிட்டு, ஆறு நிமிடம் கழித்து ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு பட்டனை அழுத்திப் பாருங்கள். எந்த ஆப் இன்னும் பதில் சொல்கிறதோ, அதில் வேலை பாக்கி.