பட்டியலா, *#06# எண்ணா, செட்டிங்ஸா? போன் இ-சிம் ஏற்குமா என்று பார்க்க எது நம்பகமானது

அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. அப்பாவிடம் இருப்பது ஐபோன் 12. அட்டை எதுவும் போடாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்தான் இ-சிம். அதை விற்கும் ஒரு தளத்தில், இ-சிம் ஏற்கும் போன்களின் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டேன். அப்புறம் போனைத் திறந்தால், இ-சிம் சேர்க்கும் இடமே இல்லை. அது மாமா ஹாங்காங்கிலிருந்து வாங்கி வந்த போன். அங்கே விற்ற ஐபோன் 12-இல் இரண்டு நானோ சிம் போடலாம், இ-சிம் கிடையாது. கட்டிய பணம் திரும்ப வரவில்லை.

அதிலிருந்து வீட்டில் யார் வெளிநாடு போனாலும் போனைப் பார்ப்பது என் வேலை. மூன்று வழியிலும் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் பட்டியல். இது சீக்கிரம் முடியும், போன் கையில் இல்லாமலே பார்க்கலாம். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இ-சிம் உண்டு. சாம்சங் எஸ் வரிசையில் பொதுவாக எஸ்20 முதல் என்று சொல்வார்கள். ஆனால் பட்டியலில் இருப்பது மாடலின் பெயர் மட்டும்தான், அது எந்த நாட்டில் விற்றது என்பது இருக்காது. சீனாவில் விற்ற ஐபோன்களில் பெரும்பாலானவை இ-சிம் இல்லாதவை. அமெரிக்காவில் நேர்மாறு: 2022-இல் வந்த ஐபோன் 14-இலிருந்து அங்கே விற்பவற்றில் சிம் போடும் தட்டே இல்லை. எனவே பட்டியலில் பெயர் இல்லாத பழைய போனை ஒதுக்க மட்டும் அதை நம்பலாம். பெயர் இருக்கிறது என்பதற்காகப் பணம் கட்டக் கூடாது. கடைக்காரரைக் கேட்பதும் ஏறக்குறைய இதேதான். அவரும் மாடல் பெயரை வைத்துத்தான் பதில் சொல்வார்.

இரண்டாவது, *#06#. போனில் எண் அழுத்தும் இடத்தில் இதை அழுத்தினாலே போதும், கால் பட்டனைத் தொட வேண்டியதில்லை. இணையமும் காசும் வேண்டாம். திரையில் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும். அதோடு ‘இஐடி’ என்று 89-இல் தொடங்கும் 32 இலக்க எண்ணும் வந்தால், இ-சிம்முக்கான சிப் அந்தப் போனுக்குள் இருக்கிறது என்று பொருள். பெயரை வைத்து ஊகிக்காமல் கையில் இருக்கும் போனையே கேட்கிற வழி என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஊரில் இருக்கும் பெரியவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். செட்டிங்ஸுக்குள் அலைய வைப்பதைவிட ஐந்து எழுத்தை அழுத்தச் சொல்வது சுலபம்.

ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. இரண்டு ஐஎம்இஐ தெரிந்தால் இ-சிம் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சாதாரண இரண்டு சிம் போனிலும் இரண்டு ஐஎம்இஐ வரும். பார்க்க வேண்டியது இஐடி ஒன்றைத்தான். அந்தத் திரையைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அதில் உங்கள் போனின் அடையாள எண்கள் அத்தனையும் இருக்கின்றன.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. சில போன்களில் சிப் இருந்தும் மென்பொருளில் அந்த வசதி திறந்துவிடப்பட்டிருக்காது. அதனால்தான் மூன்றாவது வழியையும் விடுவதில்லை. சாம்சங்கில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், சிம் மேனேஜர் என்று போனால் ‘ஆட் இ-சிம்’ இருக்க வேண்டும். பிக்சலில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதிக்குள் சிம்ஸ். ஐபோனில் மொபைல் நெட்வொர்க்குக்கான பகுதியிலேயே இருக்கும். மெனு பெயர்கள் போனுக்குப் போன் மாறுவதால் தேட நேரமாகும், ஆனால் முடிவான பதில் இங்கேதான் கிடைக்கும்.

ஐபோனில் இன்னொரு நன்மையும் உண்டு. ஜெனரல், அபவுட் பக்கத்தில் ‘கேரியர் லாக்’ என்ற வரிக்கு நேரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் போன் எந்த நிறுவனத்தோடும் பூட்டப்படவில்லை. வெளிநாட்டில் தவணையில் வாங்கி அனுப்பிய போன் என்றால் இதை அவசியம் பாருங்கள். இ-சிம் வசதி இருந்தும் பூட்டு இருந்தால், வேறு நிறுவனத்தின் இ-சிம் அதில் வேலை செய்யாது. பட்டியலும் *#06#-உம் இதைச் சொல்லாது. ஆண்ட்ராய்டில் இந்த வரி எல்லாப் போன்களிலும் கிடைப்பதில்லை; வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டு சிக்னல் வருகிறதா என்று பார்ப்பதுதான் எளிது.

ஆக, ஐபோன் என்றால் நேராக செட்டிங்ஸ். ஆண்ட்ராய்டு என்றால் முதலில் *#06#, இஐடி வந்தால் அப்புறம் மெனு.

அம்மாவின் சாம்சங் இந்த இரண்டு சோதனையிலும் தேறியது. கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் இ-சிம்மை ஏற்றினோம். கியூஆர் கோடு அதே போனுக்கு வந்தால் அதைக் கேமராவால் படிக்க முடியாது என்பதால் என் லேப்டாப்பில் திறந்து காட்டினேன். ஏற்றிய நாளிலிருந்தே நாள் கணக்கு ஓடும் திட்டமா, அங்கே போய் நெட்வொர்க்கில் சேர்ந்த பிறகு ஓடுமா என்பதை மட்டும் வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு அந்த ஹாங்காங் போனே கைகொடுத்தது. ஒரே தட்டில் முன்பக்கம் ஒரு சிம், பின்பக்கம் ஒரு சிம். சாங்கி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கிப் பின்பக்கம் போட்டுக்கொண்டார். வங்கி ஓடிபிக்காக நம்மூர் சிம் முன்பக்கமே இருந்தது, அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வைத்திருந்தோம்.