கருப்புப் பட்டை வந்தால் நல்ல சகுனம்: பழைய கேம் பாயோடு சில வருட அனுபவம்

1989இல் ஜப்பானில் வெளிவந்த முதல் மாடல் கேம் பாய் (நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க வீடியோ கேம் கருவி) ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். தடித்த சாம்பல் நிற டப்பா, நான்கு ஏஏ பேட்டரி, வெளிச்சமே இல்லாத பச்சைத் திரை. அது மக்கர் செய்யாத வருடம் கிடையாது. ஆனால் இதுவரை ஒரு சிப் கூடப் பழுதானதில்லை. எல்லாமே அழுக்கும் துருவும் செய்த வேலை.

"ஆன் ஆகல" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது. எனக்கு அடிக்கடி வந்தது இதுதான்: ஸ்விட்சைத் தள்ளியதும் சிவப்பு விளக்கு எரியும், திரையின் மேலிருந்து ஒரு கருப்புப் பட்டை இறங்கும், நடுவில் வந்து நிற்கும், டிங் என்று சத்தம் கேட்கும், அதோடு சரி.

முதல் தடவை இப்படி ஆனபோது பக்கத்து செல்போன் சர்வீஸ் கடையில் காட்டினேன். கடைத் தம்பி பார்த்த மாத்திரத்தில், "போர்டு போயிருச்சுண்ணே, இனி ஷோகேஸ்ல வைக்கத்தான் ஆகும்" என்றார். "போர்டு போயிருந்தா பட்டையே வராதே தம்பி, அதோட ஓரத்துல பாருங்க" என்றேன். கருப்புப் பட்டையின் வலது மேல் மூலையில், குட்டி வட்டத்துக்குள் ஒரு ஆர் எழுத்து, பிசிறில்லாமல் தெரிந்தது.

கேம் பாயின் சிப்புக்குள் வெறும் 256 பைட்டில் ஒரு புரோகிராம் இருக்கிறது. ஆன் செய்ததும் முதலில் ஓடுவது அதுதான். நின்டெண்டோ லோகோவின் படத்தைக் கேட்ரிட்ஜிலிருந்து (கேம் அடங்கிய, செருகிக் கழற்றும் சின்ன டப்பா) படித்துத் திரையில் இறக்கும், டிங் சத்தம் கொடுக்கும், அதற்கப்புறம்தான் தன்னிடமுள்ள நகலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். 48 பைட்டில் ஒன்று பிசகினாலும் கேமைத் தொடங்க விடாது. கேட்ரிட்ஜின் கால்கள் (கருவியைத் தொடும் உலோக முனைகள்) சரியாகத் தொடவில்லை என்றால் எழுத்து சிதைந்து வரும். கேட்ரிட்ஜே இல்லையென்றால் முழுப் பட்டையும் கருப்பு. அந்த ஆர் மட்டும் சிப்பிலேயே இருப்பதால் எப்போதும் சுத்தமாகத் தெரியும். ஆக, பட்டை இறங்கி டிங் கேட்டால் சிப், திரை, ஸ்பீக்கர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன.

(லோகோ இரண்டு முறை படிக்கப்படுவதைக் கண்டுபிடித்த சில போலிக் கேட்ரிட்ஜ்காரர்கள் முதல் முறை தங்கள் பெயரையும், ஒப்பிடும்போது அசல் லோகோவையும் கொடுத்துத் தப்பித்தார்கள். கில்லாடிகள்.)

பட்டை வந்தால் மருந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காது பட்ஸும். கேட்ரிட்ஜின் தங்க நிறக் கால்களை மேலும் கீழுமாகத் துடைத்தால் பட்ஸ் கரி பூசியதுபோல் வரும். கறுப்பு நிற்கும்வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். கம்ப்யூட்டர் ரேமுக்குச் செய்வதுபோல ரப்பரால் தேய்க்கலாமா என்றால், எதற்கும் மசியாத கறைக்கு மட்டும், மெதுவாக. தூளைத் துடைக்காமல் செருகினால் அதுவே அடுத்த தொல்லை. ஊதுவது வேண்டவே வேண்டாம். எச்சில் ஈரம் பட்ட உலோகம் கறுக்கத்தான் செய்யும். ஊதியபின் வேலை செய்வதற்குக் காரணம், கழற்றி மறுபடி செருகியதுதான்.

இரண்டாவது தொல்லை ஸ்விட்ச். கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது லேசாக அசைத்தால் மறுபடி லோகோ இறங்கும். அல்லது புது பேட்டரி போட்டும் சிவப்பு விளக்கு மங்கலாக எரியும். ஸ்விட்சுக்குள் படிந்த அழுக்கு மின்சாரத்தைத் தடுக்கிறது என்று அர்த்தம். பேட்டரிகளை எடுத்துவிட்டு ஸ்விட்சை நிறைய முறை இப்படியும் அப்படியும் தள்ளினாலே பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் காண்டாக்ட் கிளீனர் ஒரு துளி.

விளக்கு எரிந்து திரை வெறுமையாக இருந்தால் பதறுவதற்கு முன் இடப்பக்கமுள்ள கான்ட்ராஸ்ட் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பையில் உரசி அது திரும்பிவிடும்.

விளக்கே எரியவில்லை என்றால் பேட்டரி மூடியைத் திறங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. பச்சையாக இருந்தால் செம்பும் அரிக்கப்பட்டிருக்கிறது. கசிவது காரம், அதனால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பட்ஸால் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் இப்போது 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் பேட்டரிதான் போடுகிறேன், பிரச்சினையில்லாமல் ஓடுகிறது. ஒரே குறை, தீரும் நேரம் வந்தால் விளக்கு மங்கிய கையோடு அணைந்துவிடும்.

பெட்டியைத் திறக்க மூன்று கோடு முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஐபோன் கிட்டில் வருவது ரொம்பச் சின்னது, பொருந்தாது. முன்பாதியையும் பின்பாதியையும் ஒரு ரிப்பன் கேபிள் இணைக்கிறது. திறந்த வேகத்தில் இழுத்தால் நிஜமாகவே ஷோகேஸ்தான்.

கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் காயின் பேட்டரி செத்ததால் கேம் தொடங்கவில்லை என்று சிலர் நம்புகிறார்கள். அந்த பேட்டரி சேவ் செய்ததைக் காப்பாற்ற மட்டுமே. அது செத்தாலும் கேம் தொடங்கும், நேற்று விட்ட இடம்தான் இருக்காது.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பேட்டரி அறையின் போட்டோவையும், ஆன் செய்யும் வீடியோவையும் கேளுங்கள். கேட்ரிட்ஜ் கையில் இல்லை என்று விற்பவர் சொன்னால் பரவாயில்லை. கருப்புப் பட்டை முழுசாக இறங்கி, மூலையில் அந்த ஆர் தெரிந்து, டிங் கேட்டால் பேரம் பேசலாம். பட்டையில் செங்குத்தாக வெள்ளைக் கோடுகள் விழுந்தால் திரையின் இணைப்பு விட்டிருக்கிறது. சூடு வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.