லடாக் ‘மூன்று ஏரி’ பேக்கேஜ்: முன்பணம் கொடுக்குமுன் படியுங்கள்

‘பாங்காங், ட்சோ மோரிரி, ட்சோ கர், 3 நாள்’ என்று மட்டும் ரசீதில் எழுதி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார் லே கடைத்தெரு ஏஜென்ட் ஒருவர். இரண்டாம் நாள் காலை பாங்காங் கரையில் டிரைவர், “சுஷுல் ரோடு மூடியிருக்கு. லே திரும்பணும், மோரிரிக்குத் தனி வாடகை” என்றார். பாங்காங்கிலிருந்து மோரிரிக்கு நேராகப் போகும் அந்த ரோடு திறந்தே இருந்தது. ஏஜென்ட் அவரிடம் பேசியிருந்தது லே–பாங்காங்–லே வாடகை மட்டும்தான். டிரைவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை, ஏமாற்று வேலை நடந்தது லேயிலேயே.

லே டாக்ஸி யூனியனின் கட்டண அட்டையில் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தனித் தொகை உண்டு. அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ரசீதில் ஊர் ஊராக எழுதச் சொல்லுங்கள்: காரு, சாங் லா (‘லா’ என்றால் மலைக்கணவாய்), தாங்ட்சே, ஸ்பாங்மிக், மேராக், சுஷுல், லோமா, நியோமா, மாஹே, கோர்சோக். திரும்பும்போது பூகா, ட்சோ கர், தாங்லாங் லா, உப்ஷி. எல்லைப் பகுதிக்குப் போக வாங்கும் பெர்மிட் தாளிலும் சுஷுல், லோமா இருக்கிறதா என்று பாருங்கள். செக்போஸ்டுகளில் கொடுக்க நாலைந்து ஜெராக்ஸ் வேண்டும். பாதிப் பணம் மட்டும் முன்னால் கொடுங்கள், மீதி லே திரும்பிய பிறகு. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. பாங்காங்கிலிருந்து ஏஜென்டைக் கூப்பிட்டுச் சண்டை போடலாம் என்று நம்பியிருக்காதீர்கள்.

‘மோரிரி கரையிலேயே கூடாரம்’ என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். அந்த ஏரி 2002 முதல் ராம்சார் ஈரநிலம் (சர்வதேச உடன்படிக்கையின் கீழ் காக்கப்படுவது), கரையில் கூடாரம் அடிக்கத் தடை. தங்குவது கோர்சோக் கிராமத்தில்தான்.

இதைவிட மோசமானது, உடல் உயரத்துக்குப் பழகுமுன், விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே கிளப்பிவிடுவது. லே சுமார் 3,500 மீட்டர் உயரம், பாங்காங் 4,250, மோரிரி 4,500க்கு மேல். நடுவில் சாங் லா 5,300ஐத் தாண்டும். லேயில் குறைந்தது இரண்டு இரவு அலைச்சல் இல்லாமல் இருந்துவிட்டுப் போங்கள். மோரிரியை முதல் இரவில் வைக்காதீர்கள். தலைவலியோடு வாந்தி, நடை தள்ளாட்டம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு என்று வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும். கோர்சோக்கிலிருந்து இறங்குவதற்குப் பல மணி நேரம் ஆகும். பேக்கேஜில் ‘ஆக்ஸிஜன் இலவசம்’ என்று தரும் சின்ன கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வண்டியில் ரெகுலேட்டரோடு சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். லேயை விட்டுக் கிளம்புமுன் வால்வைத் திறக்கச் சொல்லி, மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.