கடைசி எபிசோடு முடிந்ததும் டிவியை அணைத்தவர்களுக்கு: ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொலைகாரர் யார் என்பது வரை எல்லாவற்றையும் போட்டு உடைத்துத்தான் எழுதியிருக்கிறேன். 2018இல் எச்.பி.ஓ.வில் வந்த தொடர்தான், ஆனாலும் இன்னும் பார்க்காதவர்கள் எட்டு எபிசோடையும் முடித்துவிட்டு வந்து படியுங்கள். இல்லாவிட்டால் பின்னால் என்னைத் திட்டக் கூடாது.

இந்தத் தொடரின் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சண்டை எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். கடைசி எபிசோடில் டைட்டில் கார்டு ஓடத் தொடங்கிய பிறகு, நடுவில் சில நொடிகள் மட்டும் வெட்டி வெட்டிக் காட்டுகிறார்களே அந்தக் கொலைக் காட்சிகள், அதுதான் உண்மையான முடிவு. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டை எடுத்தவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. எட்டு வாரம் உட்கார வைத்துவிட்டு விடையைக் கொண்டுபோய் அங்கே ஒளித்து வைப்பது என்ன நியாயம் என்று ஒரு கூட்டம் கொதித்தது, இதைவிட நேர்த்தியாக யாராலும் முடிக்க முடியாது என்று இன்னொரு கூட்டம் கொண்டாடியது. நான் இரண்டாவது கூட்டம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

கதை இதுதான். செயின்ட் லூயிஸ் பத்திரிகையாளர் கமீல். மிசூரி மாநிலத்தில் அவள் பிறந்த ஊரான விண்ட் கேப்பில் ஒரு சிறுமி கொல்லப்பட்டிருக்கிறாள், இன்னொருத்தியைக் காணவில்லை. செய்தி எழுத எடிட்டர் அவளை அங்கேயே அனுப்புகிறார். ஊரில் பெரிய வீடு அவள் அம்மா அடோராவுடையது. பன்றிப் பண்ணைப் பணம். வீட்டில் வாயைத் திறக்காத மாற்றாந்தகப்பன், சின்ன வயதிலேயே இறந்துபோன ஒரு தங்கையின் நினைவு, அப்புறம் இப்போது பதின்வயதில் இருக்கும் இன்னொரு தங்கை. இவள் பெயரே 'அம்மா' (Amma), அதைத் தமிழில் எழுதினால் அம்மா யார் மகள் யார் என்று தலை சுற்றும், அதனால் தங்கை என்றே வைத்துக்கொள்வோம். கமீல் தண்ணீர் பாட்டிலில் வோட்கா வைத்துக் குடிப்பவள், உடம்பு முழுக்கத் தானே கீறிக்கொண்ட சொற்களின் தழும்பு. இதைத் தாங்க முடியாதவர்கள் தயவுசெய்து இந்தத் தொடரைத் தொடவே வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஒளிபரப்பான காலத்தில் ரசிகர்கள் பாதிப் பேர் துப்பறிவாளர் ஆகிவிட்டார்கள். செத்த பெண்ணின் அப்பனா, இன்னொருத்தியின் அண்ணனா, போலீஸ் அதிகாரியா என்று ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றினார்கள். இன்னும் கில்லாடிகள் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திச் சொல் தேடினார்கள். கார் கதவில், சுவரில், போர்டில் எங்காவது ஒரு சொல் கீறியிருக்கும், ஒரு விநாடி கழித்து அது இருக்காது. கமீலின் மூளைக்குள் ஓடுவதுதான் அது. எல்லா எபிசோடையும் இயக்கியவர் ழான்-மார்க் வாலே. அவருடைய எடிட்டிங்கில் பழைய நினைவு ஒன்று கண் சிமிட்டும் நேரம் வந்துவிட்டுப் போகும், விளக்கமே கிடையாது. போனைப் பார்த்துக்கொண்டே பார்த்தால் ஒன்றும் புரியாது. ரொம்ப ஸ்லோ என்று மூன்றாவது எபிசோடில் விலகியவர்கள் நிறையப் பேர், அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு கொலைக் கதைக்கு வேண்டிய வேகம் இதில் உண்மையிலேயே இல்லை.

ஆனால் இது கொலைக் கதை இல்லையே. பிள்ளைக்குத் தானே நோயை வரவழைத்து, பிறகு தானே ராத்திரி பகலாகப் பணிவிடை செய்து, ஊர் உச்சுக் கொட்டுவதில் குளிர்காயும் ஒரு தாயின் கதை. இதை மருத்துவத்தில் முன்சௌசன் பை ப்ராக்ஸி என்பார்கள். இறந்த தங்கை எப்படி இறந்தாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும்போது, அடோரா ஸ்பூனில் மருந்தை ஊற்றிக்கொண்டு "குடி கண்ணு" என்கிற மாதிரி பார்க்கும் பார்வை இருக்கிறதே, எனக்கு எந்தப் பேய்ப் படத்திலும் அப்படி வயிற்றைப் பிசைந்ததில்லை. அடோராவாக நடித்த பாட்ரீஷியா கிளார்க்சன் குரலை உயர்த்துவதே இல்லை. துணிக்கடையில் உடை மாற்றும் அறையில் கமீலின் உடம்பைப் பார்க்கும் காட்சியிலும் மகளின் வலி அவருக்குத் தெரியவில்லை, தனக்கு நேர்ந்த அவமானம்தான் தெரிகிறது. 2019இல் கோல்டன் குளோப் கொடுத்தார்கள். அதே ஆண்டு எம்மியில், வேறொரு தொடரில் இதே மாதிரி மகளை நோயாளியாக்கும் தாயாக நடித்த பாட்ரீஷியா ஆர்க்வெட்டிடம் தோற்றார். விஷம் கொடுக்கும் அம்மாக்களுக்கு நல்ல வருடம் போல.

சரி, முடிவுக்கு வருவோம். அடோரா கைதாகிறாள், இரண்டு சிறுமிகளின் கொலையும் அவள் தலையில் விழுகிறது, கமீல் தங்கையைக் கூட்டிக்கொண்டு செயின்ட் லூயிஸ் போகிறாள், நமக்கும் மூச்சு வருகிறது. அப்புறம்தான் அம்மா வீட்டை அப்படியே சின்னதாக்கித் தங்கை வைத்திருக்கும் பொம்மை வீட்டில் அடோராவின் படுக்கையறைத் தரை எதனால் செய்யப்பட்டிருக்கிறது என்று கமீல் பார்க்கிறாள். கொல்லப்பட்ட சிறுமிகளின் பல். தங்கை வாசலில் நின்று அம்மாவிடம் சொல்லாதே என்கிறாள், திரை இருளாகிறது. அவ்வளவுதான். எப்படிக் கொன்றாள், யார் கூட இருந்தார்கள் என்பதெல்லாம் டைட்டிலுக்கு நடுவே மின்னி மறைகிறது. இதைத் திடீர்த் திருப்பம் என்றவர்கள் பொம்மை வீட்டைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். முதலிலிருந்தே அது திரையில் இருக்கிறது, அடோராவின் நிஜப் படுக்கையறையில் இருக்கும் தந்தத் தரையைப் பற்றி அந்த வீட்டில் எத்தனை முறை பேசுகிறார்கள். சந்தேகப் பட்டியல் போட்டவர்கள் ஊரில் தேடினார்கள், விடை மாடியறையில் விளையாடிக்கொண்டிருந்தது. அதுவும் அப்படி மின்னி மறைவது தந்திரம் இல்லை, எட்டு வாரமாகத் தொடர் நம்மைப் பழக்கியதே அப்படிப் பார்க்கத்தான்.

புத்தகம் படித்த ரசிகர்களின் கோபம் வேறு, அதில் எனக்கும் பங்குண்டு. கில்லியன் ஃபிளின் 2006இல் எழுதிய நாவலில் உண்மை வெளியே வந்த பிறகும் கதை கொஞ்சம் நடக்கும். கமீல் உடைந்து போகிறாள், எடிட்டரும் அவர் மனைவியும் அவளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். பெற்றவள் வீட்டில் கிடைக்காதது அங்கே கிடைக்கிறது. தொடர் அதை மொத்தமாக விட்டுவிட்டது. அதிர்ச்சிக்காகக் கமீலைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், கமீலாக நடித்த ஏமி ஆடம்ஸ் அவ்வளவு உழைத்த பிறகு அவளுக்கு இன்னும் பத்து நிமிடம் தந்திருக்கலாம். இரண்டாவது சீசன் வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் இந்தக் குறைதான் காரணம் என்று நினைக்கிறேன். அது வரவில்லை, வாலேயும் 2021 டிசம்பரில் போய்விட்டார்.

மற்றபடி கான்சாஸ் சிட்டியிலிருந்து வரும் துப்பறிவாளர் பாத்திரம் எனக்கு ஒட்டவில்லை, கமீலுடன் அவர் நடத்தும் காதல் சுத்தமாக இழுவை. தங்கையாக வரும் எலைசா ஸ்கான்லன் ரோலர் ஸ்கேட்டில் ஊர் சுற்றும்போது ஒரு முகம், வீட்டுக்குள் வெள்ளைக் கவுனில் இன்னொரு முகம், அதற்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் பாட்டுகள் தொடர் முழுக்க வருகின்றன, அந்தப் பாட்டு கமீலிடம் எப்படி வந்தது என்று மனநல விடுதி எபிசோடில் தெரியும். அதில் அறைத்தோழியாக வருவது சிட்னி ஸ்வீனி, அப்போது யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டாம் முறை பார்ப்பதாக இருந்தால் மாற்றாந்தகப்பனை மட்டும் கவனியுங்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெக்கார்டு கேட்டுக்கொண்டே இருக்கிறான். ரசிகர்கள் அவனைக் கேலி செய்து தள்ளினார்கள். எனக்கோ, மாடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தே வால்யூமைக் கூட்டும் அந்த ஆள்தான் அடோராவைவிட எரிச்சலைக் கிளப்பினான்.