டீகோடர் போச்சுன்னு சொன்னா உடனே காசு அனுப்பாதீங்க

டிசிசி (தண்டவாளம் வழியா டிஜிட்டல் சிக்னல் அனுப்பி மாடல் ரயில ஓட்டுற முறை) லோகோ, அதாவது மாடல் ரயில் எஞ்சின், ஸ்லோ ஸ்பீடுல வெட்டி வெட்டி ஓடுதுன்னு யாராச்சும் ரிப்பேருக்கு அனுப்பப் போறீங்கன்னா இத படிச்சிட்டு அனுப்புங்க. டீகோடர்ங்கறது எஞ்சினுக்குள்ள இருந்து அந்த சிக்னல படிச்சு மோட்டார ஓட்டுற சின்ன போர்டு.

என்னோடது ஓஓ ஸ்கேல் (ஒரு மாடல் ரயில் அளவு) கிளாஸ் 08 ஷண்டர், யார்டுல பெட்டிகள இழுத்து மாத்துற எஞ்சின். பிரிட்டிஷ் ரயில்வேஸ்ல 996 வண்டி கட்டுனாங்களே அந்த டீசல்தான், நிஜ வண்டியே மணிக்கு 15 மைல் போறதுக்கு மூச்சு வாங்கும், அதனால மாடலும் ஊர்ந்து போனாதான் அழகு. ஆனா இது திக்கித் திக்கி போய் பாயின்ட் (தண்டவாளம் பிரியுற இடம்) மேல ஏறுனதும் நின்னுடும். இங்கிலாந்துல வீட்டுலேர்ந்தே இந்த வேலை பண்ற ஒரு ஆளுக்கு போஸ்ட்ல அனுப்புனேன் (பேரு கேக்காதீங்க, போட மாட்டேன்). பார்சல் போய் சேர்ந்த கையோட மெசேஜ் வருது, "டீகோடர் காலி, புதுசா ஸிமோ போட்டு ஸ்டே-அலைவும் வச்சிடலாம், கூலியோட 95 பவுண்டு". ஸிமோன்னா ஒரு டீகோடர் கம்பெனி, ஸ்டே-அலைவ்ன்னா கரன்ட் விட்டுப் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வைக்குற கெபாசிட்டர். அப்புறம் ரோலர் (வண்டி நகராம வீல் மட்டும் சுத்துற ஸ்டாண்டு) மேல வச்சு ஓட்டுன வீடியோ ஒண்ணு, சும்மா வெண்ணெய் மாதிரி போகுது. காசு போட்டு விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ட்ராக்ல வச்சா ஸ்டெப் 1லயே, அதாவது இருக்கறதுலயே கம்மி வேகத்துலயே, குபீர்னு பாயுது. என்னடான்னு சிவி2 (சிவின்னா டீகோடருக்குள்ள நம்பர் போட்டு வச்சிருக்கற செட்டிங்) படிச்சா 60ன்னு காட்டுது. அதாவது ஸ்டார்ட் வோல்டேஜ ஏத்தி விட்டுட்டாரு, மெதுவா ஓடவே ஓடாதுன்னா திக்குறது எப்படி தெரியும்? வீடியோவும் நடு வேகத்துல எடுத்ததுதான். சந்தேகம் வந்து சிவி8 படிச்சேன், அதுல தயாரிச்ச கம்பெனியோட நம்பர் இருக்கும், ஸிமோன்னா 145 வரணும். வரல, வேற ஏதோ மலிவு டீகோடர். ஓடிட்டு இருக்கும்போது வீலுக்கு அடியில ஒரு பேப்பர் துண்ட செருகுனேன், ஸ்டே-அலைவ் இருந்தா ஒண்ணு ரெண்டு செகண்டாவது ஓடணும்ல, இது அங்கயே செத்து நின்னுச்சு. பாடிய கழட்டிப் பாத்தா கெபாசிட்டர்ன்னு ஒரு பொருளே உள்ள இல்ல.

இதுல எரிச்சல் என்னன்னா அசல் கோளாற அந்தாளு தொடவே இல்ல. வீல் எல்லாம் கரி அப்பியிருக்கு, நடு அச்சுல ஒரு பிக்கப் தகடு (வீல்லேர்ந்து கரன்ட் எடுக்குறது) வீல தொடாம அந்தரத்துல நிக்குது. ஆறே வீல் உள்ள வண்டி, அதுல ஒண்ணு கரன்ட் எடுக்கலன்னா பாயின்ட்ல நிக்காம என்ன பண்ணும்? கிச்சன் பேப்பர்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்சு தண்டவாளத்து மேல போட்டு வீல ஓட்டித் தொடச்சேன், தகட லேசா வளைச்சு விட்டேன், சிவி2வ கீழ இறக்குனேன், சிவி29 6ல இருந்துச்சு அத 2 ஆக்கி அனலாக் மோட (டிசிசி இல்லாத சாதா ட்ராக்ல ஓடுற வசதி) ஆஃப் பண்ணேன். இப்ப அதே மலிவு டீகோடர்லயே ஸ்டெப் 1ல பாயின்ட் தாண்டி ஊர்ந்து போகுது!

அதனால அனுப்புறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு தடவ பாருங்க. திக்கும்போது லைட்டும் சேர்ந்து மினுக்குதுன்னா கரன்ட் சரியா வரல, வீலு, பிக்கப், ட்ராக்குன்னு தேடுங்க. ட்ராக்ல ஒரே இடத்துல மட்டும் திக்குதுன்னா லோகோவ விடுங்க, தண்டவாளத்த தொடைங்க. லைட் கம்முனு எரியுது, ஆனா வீல் ஒரு சுத்து சுத்துறதுக்கு ஒரு தடவ இடிக்குதுன்னா வீல இணைக்கிற ராடுலயோ கியர்லயோதான் கோளாறு, டீகோடர் மாத்தி ஒரு புண்ணியமும் இல்ல. லைட்டும் நல்லா எரிஞ்சு, இடிக்கிறதும் கணக்கில்லாம இருந்தா மட்டும் மோட்டார் கன்ட்ரோல் சிவி பக்கம் போங்க, ஈஎஸ்யூ கம்பெனி டீகோடர்னா சிவி54ல 0 போட்டு கன்ட்ரோலர்ல எஃப்1 பட்டன அழுத்துனா அதுவே மோட்டார அளந்து செட் பண்ணிக்கும், அப்ப ஃபுல் ஸ்பீடுல பாயும், நேர் ட்ராக்ல நீளமா இடம் விட்டு வைங்க.

அதையும் தாண்டி அனுப்பித்தான் ஆகணும்னா, வேலை முடிஞ்சதும் ஸ்டெப் 1ல பாயின்ட் மேல ஓடுற வீடியோவும், சிவி8 படிச்ச ஸ்கிரீனும் அனுப்பச் சொல்லுங்க, அது வந்தப்புறம் காசு.

இதெல்லாம் அந்த ரிப்பேர்காரர்கிட்ட நான் கேட்டதுக்கு "பாடிய நீங்க கழட்டிட்டீங்க, வாரன்டி போச்சு"ன்னு ஒரு வரி பதில். சரி, கழட்டி எடுத்த என் பழைய டீகோடரயாவது திருப்பி அனுப்புங்க, அதான் காலின்னு சொன்னீங்களேன்னு கேட்டேன். அந்த மெசேஜ படிச்சுட்டாரு, பதில் மட்டும் வரல.